மழையில் அழிந்த இரண்டு இலக்கங்கள்

போன மாசம் பழைய ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. பென்ஷன் காகிதம் ஒன்றில் கையெழுத்து. கோயில் அலுவலகம்தான், முப்பத்தைந்து வருஷம் நான் உட்கார்ந்த இடம். காஞ்சிபுரத்தில் எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இப்போது அங்கே ஹேமா என்று ஒரு பெண் எழுத்தராக இருக்கிறாள். கெட்டிக்காரி. தன் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நம்பிக்கை உள்ளவள். ஆயிரத்தெட்டு நாமங்களைச் சொல்லி ஒரு கோடி அர்ச்சனை நடந்து முடிந்ததாம். கம்ப்யூட்டரில் எடுத்த அறிக்கையை என் முன்னால் வைத்து, முடிந்தால் இதில் ஒரு தப்புக் கண்டுபிடியுங்கள் என்று சிரித்தாள். கடைசி வரியில் மொத்தம் 1,00,00,000 என்று இருந்தது.

பார்த்த மாத்திரத்தில் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. வயசு எழுபத்தொன்பது. இன்னும் அந்த வேர்வை போகவில்லை.

"இந்த எண் வராதும்மா" என்றேன்.

ஒரு சுற்று என்றால் ஆயிரத்தெட்டு நாமம். எத்தனை பேர் எத்தனை சுற்று சொன்னாலும் மொத்தம் ஆயிரத்தெட்டால் மீதியில்லாமல் வகுபட்டாக வேண்டும். ஆயிரத்தெட்டுக்குள்ளே ஒன்பது இருக்கிறது, ஏழு இருக்கிறது, பதினாறு இருக்கிறது. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், தெரியும். ஒரு கோடிக்குள்ளே இரண்டையும் ஐந்தையும் தவிர வேறு சரக்கே கிடையாது. ஒன்பதால் வகுத்தாலும் மிஞ்சும், ஏழால் வகுத்தாலும் மிஞ்சும். 9,920 சுற்றில் கோடிக்கு 640 குறையும். இன்னொரு சுற்று சொன்னால் 368 கூடிவிடும். நடுவில் நிற்க வழியில்லை. யாரோ அழகுக்காகக் கடைசியில் பூஜ்யமாக உருட்டி எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப் போச்சு. பார்த்த உடனே எப்படி சார் தெரிந்தது என்று கேட்டாள். பயத்தினால்தான் என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு, எழுதிக் கொடுங்கள், எங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றாள். எழுதுகிறேன். உபயோகமா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முசரவாக்கத்துக்காரன். பயிர் வைக்கிற குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. தேறினதும் சேற்றிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அறுபதுகளின் நடுவில் கோயிலில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் சொல்ல ஒன்றுமில்லை. அர்ச்சனைச் சீட்டுக்கு எண் போடுவது, விளக்குக்கு எண்ணெய் அளப்பது, மடப்பள்ளிக்கு எத்தனை கட்டு விறகு என்று குறிப்பது. தற்காலிகம் என்ற வார்த்தை மட்டும் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பது மேலாளர் கையில் இருந்தது.

மேலாளரை நாயுடு சார் என்போம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களையெல்லாம் 'பாபு' என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். இரண்டு கண்ணாடியையும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டுதான் வாயைத் திறப்பார். எண்ணெய் அளவு எழுதின ஆள் ஒருவர் ஒரு இலக்கத்தின்மேல் இன்னொரு இலக்கத்தை எழுதிவிட்டார். அன்றைக்குக் கண்ணாடி கழன்றது. துடைத்து மாட்டியபின், "நாளையிலிருந்து வர வேண்டாம் பாபு" என்றார், குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில். அந்த ஆளுக்கு மூன்று குழந்தைகள். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அவர் கை கண்ணாடிப் பக்கம் போனாலே நான் கடைசியாக எழுதின எண்ணை மறுபடி சரிபார்ப்பேன்.

கோடி அர்ச்சனை வந்தது அதற்கு அடுத்த வருஷம். பட்டு ஜவுளிக்கடை முதலாளி ஒருவருடைய வேண்டுதல் அது. இருபது வயசு மகள், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்திருந்தாள். நாற்பத்தெட்டு நாள், இருபத்து நாலு குருக்கள், ஒரு கோடி நாமத்துக்குக் குறையாமல் சொல்லி முடிப்பதாகச் சங்கல்பம். கோடி சரியாக வராது, 368 கூடுதலாகத்தான் முடியும் என்று முதல் நாளே நாயுடு சார் அவரிடம் சொல்லிவிட்டார். கூடினால் சந்தோஷம், குறைந்தால்தான் குற்றம் என்றார் முதலாளி. இந்தக் கடைசி வார்த்தையை நீங்கள் மறந்துவிடாதீர்கள். நான் மறந்ததனால்தான் இவ்வளவும்.

எண்ணுகிற முறையைச் சொல்ல வேண்டும். நாமம் சொல்கிறவர்கள் எண்ணக்கூடாது. எண்ணிக்கொண்டே சொன்னால் மனசு சாமியிடம் இருக்காது, கணக்கில் போய்விடும் என்பது வழக்கம். அதனால் ஒரு சுற்று முடிந்ததும் குருக்கள் வலது கையைத் தூக்குவார். மண்டபத்தின் நடுவில் ஒரு பித்தளை அண்டாவை வைத்துக்கொண்டு கன்னியம்மா உட்கார்ந்திருப்பாள். கை தூக்கினால் ஒரு புளியங்கொட்டையை அண்டாவில் போடுவாள். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இருநூற்றுச் சில்லறை கொட்டை விழும்.

கன்னியம்மாவுக்கு அப்போது நாற்பது வயசிருக்கும். புருஷன் இல்லை. கோயிலில் தினக்கூலிக்குப் பூ ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். எண்ணத் தெரியாது, பத்துக்கு மேல் போனால் குழம்பிவிடுவாள். அதனால்தான் நாயுடு சார் அவளை அங்கே உட்கார வைத்தார். எண்ணத் தெரிந்தவன் தூங்கி எழுந்தால் ஈடுகட்டப் பார்ப்பான், எண்ணத் தெரியாதவள் பார்த்ததைத்தான் போடுவாள் என்றார். நாற்பத்தெட்டு நாள் ஒழுங்காக முடித்தால் அவளுக்குத் திருவலகு வேலை, அதாவது கோயில் பெருக்குகிற நிரந்தர வேலை, கொடுப்பதாகப் பேச்சு. அந்த வேலைக்காக அவள் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள்.

சாயங்காலம் நான் கொட்டைகளைப் பலகையில் பத்துப் பத்துக் குவியலாகப் பிரித்து எண்ணுவேன். சிலேட்டில் எழுதி ஆயிரத்தெட்டால் பெருக்குவேன். வந்த நாமத் தொகையைப் பதிவேட்டில் மையினால் எழுதி, பக்கத்தில் அதுவரைக்குமான மொத்தத்தையும் எழுதுவேன். சிலேட்டை அழித்துவிடுவேன், கொட்டைகள் சாக்குக்குப் போய்விடும். எத்தனை சுற்று என்று பதிவேட்டில் எழுதவே கூடாது என்பது நாயுடு சார் போட்ட உத்தரவு. நாமத் தொகை மட்டும்தான். ஏன் என்று கேட்டதற்கு, "எழுது பாபு" என்றார்.

தினமும் காலையில் மொத்தத்தின் இலக்கங்களை அவர் கூட்டுவார். முப்பதாம் நாள் மொத்தம் 62,63,712. ஆறும் ரெண்டும் எட்டு, ஆறு பதினாலு, மூணு பதினேழு, ஏழு இருபத்து நாலு, ஒண்ணு, ரெண்டு, இருபத்தேழு. இருபத்தேழு ஒன்பதால் வகுபடும், ஆகவே மொத்தமும் வகுபடும். பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். முதல் வாரத்தில் நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, ஒன்பதைப் பற்றி எனக்குச் சொன்னார். ஒன்பதைப் பற்றி மட்டும்தான்.

முப்பத்தோராம் நாள் நல்ல மழை. நாயுடு சார் கோர்ட்டு வேலையாக மெட்ராஸ் போயிருந்தார், திரும்ப மூன்று நாள் ஆகும். திருப்புட்குழி பக்கமிருந்து பஸ்ஸில் வந்த குருக்கள் ஒருவர், தாமல் ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக ஓடுகிறது என்றார். அவ்வளவு பெரிய ஏரியே நிரம்பிவிட்டால் எங்கள் வயல் என்ன கதியோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் எண்ணி முடித்து எழுதிவிட்டேன். மேலாளர் இல்லாத நாளில் பதிவேட்டைக் காவல்காரரிடம் ஒப்படைத்துப் பூட்ட வேண்டும். அவர் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் காத்திருக்கவில்லை. பதிவேட்டைச் சட்டைக்குள்ளே செருகிக்கொண்டு சைக்கிளை மிதித்துவிட்டேன். கோயில் பதிவேடு கோயில் வாசலைத் தாண்டக்கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் வயலும் வரப்புமாக அலைந்ததில் பதிவேட்டைப் பிரித்தே பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அன்று சாயங்காலம் கொட்டையை எண்ணிவிட்டு எழுதுவதற்காகப் பிரித்தால், முந்தின நாள் வரியில் ஒரே நீலக் குட்டை.

அன்றைய தொகை மொத்தமும் கரைந்துவிட்டது. பக்கத்தில் அதுவரைக்குமான மொத்தத்தில் முதலில் 64 தெரிந்தது. கடைசியில் 352 தெரிந்தது. நடுவில் இரண்டு இலக்கம் இல்லை.

சிலேட்டு அழிந்தாயிற்று. கொட்டை சாக்கில். ஞாபகம் வருமா என்று கண்ணை மூடிப் பார்த்தேன். இருநூற்று மூன்று, இருநூற்று ஒன்பது, இருநூற்று ஏழு என்று முப்பது நாள் எண்ணியதெல்லாம் ஒன்றாகக் கலந்து வருகிறதே தவிர, நேற்றைய எண் எதுவென்று பிடிபடவில்லை. குருக்கள்மாரைக் கேட்கலாம் என்றால் அவர்கள் எண்ணுவதில்லை. கன்னியம்மாவைக் கேட்டுப் பயனில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எண்ணெய் அளந்தவர் எழுந்து போன காட்சிதான் கண்ணில் நின்றது.

நாயுடு சார் வந்ததும் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு உங்களுக்குச் சுலபமாகத் தோன்றும். எனக்கு அன்று அப்படித் தோன்றவில்லை. வெளியே எடுத்துப் போனேன் என்ற ஒன்றே போதும், வீட்டுக்கு அனுப்ப.

ஆகவே இலக்கம் தேட ஆரம்பித்தேன். தெரிகிற இலக்கங்களைக் கூட்டினால் இருபது. அழிந்த இரண்டும் சேர்ந்து ஏழாக இருந்தால் இருபத்தேழு, ஒன்பதுக்குச் சரியாகிவிடும். ஏழும் பூஜ்யமும் போடலாம். ஆறும் ஒன்றும் போடலாம். 70 போட்டால் அன்றைய தொகை 2,06,640. 61 போட்டால் 1,97,640. மழை நாளாச்சே, சிலர் தாமதமாக வந்திருப்பார்கள். கூட்டி எழுதிவிட்டால் சொல்லாத நாமத்தைச் சொன்னதாக ஆகும், சாமி குத்தம். குறைத்து எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். பொய் சொல்வதிலும் பக்தி பார்த்தேன், என் புத்தியை என்னத்தைச் சொல்ல. அன்றைய தொகைக்கு 1,97,640 என்றும் மொத்தத்துக்கு 64,61,352 என்றும் எழுதினேன்.

1,97,640ஐ ஆயிரத்தெட்டால் ஒருமுறை வகுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். தினம் ஆயிரத்தெட்டால் பெருக்குகிறவனுக்கு வகுக்கத் தோன்றவில்லை. பயந்தவன் மாட்டிக்கொள்ளாத எண்ணைத்தான் தேடுவான், சரியான எண்ணைத் தேட மாட்டான்.

நாயுடு சார் திரும்பி வந்தார். பக்கத்தில் கறை ஏன் என்றார். மண்டபத்தில் ஒழுகிவிட்டது சார் என்றேன். மூன்று நாள் மொத்தத்தையும் இலக்கம் இலக்கமாகக் கூட்டினார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. மூன்று புள்ளி வைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு வாரம் கழித்து ஜவுளிக்கடை முதலாளி வந்தார். மகளுக்கு ரெண்டு நாளாக ஜுரம் என்று கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பக்கம் பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் முப்பத்தோராம் நாளில் நிறுத்தினார். எல்லா நாளும் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும்போது இந்த நாள் மட்டும் ஏன் கீழே போயிருக்கிறது என்று கேட்டார். தலைமைக் குருக்களைக் கூப்பிட்டார்கள். அன்று மழையிலும் இருபத்து நாலு பேரும் நேரத்துக்கு வந்துவிட்டோம், மற்ற நாள் போலவே முழுசாகச் சொன்னோம் என்று அவர் அடித்துச் சொன்னார்.

சொன்னவர்கள் குறையவில்லை என்றால் கொட்டை போட்டவள்தான் குறைத்திருக்க வேண்டும். எல்லாருடைய பார்வையும் கன்னியம்மா பக்கம் திரும்பியது. எட்டு ஒன்பது சுற்று என்றால் இருபது நிமிஷம். இருபது நிமிஷம் தூங்கியிருக்கிறாள் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். என் பொண்ணு உயிரை வைத்து நடக்கிற காரியத்தில் தூங்கினாயா என்று முதலாளி கேட்டார். கோபமாகக்கூட இல்லை, அழுகிற மாதிரி கேட்டார்.

நான் கண்ணே மூடலிங்க சாமி என்று அவள் இரண்டு மூன்று தடவை சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்பா மாணிக்கம், புக்குல கம்மியாதான் இருக்குதா?"

அந்த நொடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இந்த வயசுவரைக்கும் யோசிக்கிறேன். நாயுடு சார் தூணோரம் நின்றிருந்தார்.

"ஆமாக்கா. கம்மியாதான் இருக்குது" என்றேன்.

அதற்குப் பிறகு தூங்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. சத்தியம் பண்ணட்டும் என்று முதலாளி சொன்னார். மறுநாள் காலைப் பூஜை முடிந்ததும் கொடிமரத்தின் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, தூங்கவில்லை என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். சத்தியம் பண்ணினால் இருக்கட்டும், மறுத்தால் இந்தக் கோயில் வாசலையே மிதிக்கக்கூடாது. சரி என்று அவள் தலையை ஆட்டினாள். நாயுடு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாட்டிக்கொண்டார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சாமி முன்னால் ஒருத்தி நெருப்பைத் தொடப்போகிறாள், நான் ஊமையாக இருக்கிறேன். முதலாளி மகளுக்கு ஜுரம் அதிகமானால் அதுவும் என் தலையில்தான் விடியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறெங்காவது ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். ஓடினால் நான்தான் என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் மறுநாள் வேலைக்கே வந்தேன். யோக்கியத்தனத்தினால் வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

காலைப் பூஜை நடந்துகொண்டிருந்தது. நாயுடு சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "உக்காரு பாபு" என்றார். மூன்று வருஷத்தில் அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை. சிலேட்டை என் பக்கம் தள்ளி, 64,61,352 என்று அவரே எழுதினார்.

"ஏழால வகு."

வகுத்தேன். கைவேர்வையில் பலப்பம் வழுக்கியது. கடைசியில் மீதி இரண்டு நின்றது. தப்பாக வகுத்துவிட்டேனோ என்று அழித்துவிட்டு மறுபடியும் செய்தேன். மறுபடியும் இரண்டு. ஆயிரத்தெட்டுக்குள் ஏழு இருக்கிறது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

நீ எழுதின மத்த நாள் எண்ணையெல்லாம் நான் வகுத்துப் பார்த்துவிட்டேன் என்றார். முப்பதாம் நாள் வரைக்கும் ஏழிலும் மீதி இல்லை, பதினாறிலும் மீதி இல்லை. இந்த நாளிலிருந்து நேற்று வரைக்கும் தினமும் ஏழில் ரெண்டு மிஞ்சுகிறது. அழிந்தது எத்தனை இலக்கம் என்று கேட்டார். எப்படி அழிந்தது என்று கேட்கவில்லை. நடுவில் இரண்டு என்று சொன்னேன்.

"அந்த ரெண்டு எடத்துல எதைப் போட்டாலும் ஆயிரத்தெட்டுல நிக்காது பாபு. ஒண்ணே ஒண்ணு நிக்கும். எழுபது போட்டு வகு."

64,70,352. ஆயிரத்தெட்டால் வகுத்தேன். 6,419 முழு சுற்று. மீதி பூஜ்யம். முந்தின நாள் வரைக்குமான 6,214 சுற்றைக் கழித்தால் இருநூற்று ஐந்து. பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. இருபது குவியலும் ஐந்து கொட்டையும். பலகையின் ஓரத்தில் அந்த ஐந்தும் தனியாக இருந்ததுகூட ஞாபகம் வந்தது. அழிந்துபோன இலக்கத்தை மற்ற இலக்கங்கள் இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்திருக்கின்றன. நான்தான் கேட்கவில்லை. சுற்றை எழுதாதே, நாமத்தை எழுது என்று அவர் சொன்னது எதற்கென்றும் புரிந்தது.

வெளியே மணி அடித்தது. பூஜை முடியப்போகிறது என்று அர்த்தம். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தி உட்காரச் சொன்னார். கண்ணாடி கழன்றது. அவர் துடைக்கத் துடைக்க மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்தக் கண்ணாடியை மாட்டித் தொலைங்களேன் சார் என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

"நீ எழுதினதுல ஒன்பதாயிரம் குறையுது. அவ தூங்கியிருந்தா எட்டுக் கொட்டை குறையும், எட்டாயிரத்து அறுபத்து நாலு. ஒன்பது கொட்டை குறைஞ்சா ஒன்பதாயிரத்து எழுபத்திரண்டு. ஒன்பதாயிரம் எந்தக் கொட்டையால குறையும்? இது கொட்டை போட்ட கை இல்ல. எழுதின கை."

பதிவேட்டில் அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"மழை அழிச்சது தப்பு இல்ல. ஆனா மழைக்கு ஒன்பது தெரியாது. இந்த எண் ஒன்பதுக்கு மட்டும் சரியா நிக்குது. ஒன்பது தெரிஞ்சவன் உக்காந்து சரிக்கட்டியிருக்கான். இந்தக் கோயில்ல ஒன்பது தெரிஞ்சவங்க ரெண்டு பேர். நான் மெட்ராஸ்ல இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் திட்டவில்லை. கொடிமரம் இருக்கிற பக்கம் கையைக் காட்டினார். "போ. நீயே சொல்லு."

ஓடினேன். பிரகாரத்தில் கல் வழுக்கி முழங்கால் பேர்ந்தது, எழுந்து ஓடினேன். ஓடும்போதுகூட, இவள் சத்தியம் பண்ணிவிட்டால் தப்பித்தாள், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லையே என்று ஒரு எண்ணம் ஓரமாக வந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையையே ஒப்புக்கொண்டேன்.

கொடிமரத்தின் முன்னால் கூட்டம். கற்பூர வாசனை அடித்தது, ஆனால் சுடரைக் காணோம். கன்னியம்மா குனிந்திருந்தாள். வலது கை கல்மேல் பதிந்திருந்தது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டை வெளியே எடுத்துப் போனது, மழையில் அழிந்தது, இலக்கம் போட்டது, தெரிந்தே ஆமாம் என்றது. மூச்சு வாங்க வாங்கச் சொன்னதில் பாதி யாருக்கும் புரிந்திருக்காது. பின்னால் வந்த நாயுடு சார் மீதியைச் சொன்னார். குருக்கள்மார் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாமம் குறையவில்லை என்று கேட்டதும் முதலாளி கையைக் கூப்பிக்கொண்டு சன்னதிப் பக்கம் போய்விட்டார். கன்னியம்மாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. நிரந்தரமாவது மட்டும் நான்கு வருஷம் தள்ளிப்போனது. அதுவரைக்கும் தினமும் மொத்தத்தை ஒன்பதாலும் ஏழாலும் பதினாறாலும் வகுத்து, மீதியைத் தனித்தாளில் எழுதி நாயுடு சார் மேசையில் வைக்க வேண்டும். அவருக்கப்புறம் வந்த மேலாளர் யாரும் அதைக் கேட்கவில்லை. ஓய்வு பெறுகிறவரைக்கும் நான் நிறுத்தவில்லை. கன்னியம்மாவுக்கு அந்த மாசமே திருவலகு வேலை எழுதப்பட்டது. அந்த உத்தரவை எழுதியது என் கைதான்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு அவள் பிரகாரத்துத் தண்ணீர்த் தொட்டியில் கையை நனைத்துக்கொண்டிருந்தாள். காலில் விழலாம் என்று போனேன். விழ விடவில்லை. நான் தூங்கவே இல்லையா மாணிக்கம், நெசமாலுமே தூங்கலையா என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை அக்கா, இருநூற்று ஐந்து கொட்டையும் சரியாக இருந்தது என்றேன். கையைத் தண்ணீருக்குள் திருப்பி வைத்தாள்.

"நீ படிச்சவன். புக்குல கம்மின்னு நீ சொன்னதும், நானேதான் எப்பவோ கண்ணசந்துட்டேன்னு நெனச்சிக்கினேன்பா. சாமி முன்னால பொய் சத்தியம் பண்றோம்னு நெனச்சிக்கினேதான் கைய வெச்சேன்."

கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்தாள். அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.